கம்ப்ளையன்ஸ் என்றால் கீழ்ப்படிதல்

மகனே,

“கிறிஸ்துவுக்குள் அன்பான மகனுக்கு” என்று தொடங்கினேன். பிறகு பேனாவால் அடித்துவிட்டேன். முப்பது வருடமாக யாருக்கு என்ன எழுதினாலும் அப்படித்தான் தொடங்குவேன், கேஸ் சிலிண்டர் வரவில்லை என்று புகார் எழுதினாலும்கூட. இன்றைக்கு அந்த வார்த்தைகளை எழுதக் கை கூசுகிறது. அருவருப்பாக இருக்கிறது. உன்மேல் அல்ல, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என்மேல்தான்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிவதற்கு முன்னால் குருவானவர் உன் பெயரைக் கூப்பிடுவார். நீ எழுந்து போய், சபையார் எல்லாரும் பார்க்க முழங்காலில் நின்று, ஒரு காகிதத்தை வாசிக்க வேண்டும். “நான் என் தகப்பனாருக்குக் கீழ்ப்படியாமல் போய், சபையாருக்கு வருத்தம் உண்டாக்கினேன். தேவனிடத்திலும் உங்களிடத்திலும் மன்னிப்புக் கேட்கிறேன்.” அதை வாசித்தால்தான் உன் கல்யாண அறிவிப்பின் மூன்றாவது ஓலையை அவர் வாசிப்பார். இரண்டு ஓலை வாசித்தாயிற்று. மூன்றாவது வாசிக்காமல் நம் சபையில் கல்யாணம் கிடையாது. அந்தக் காகிதத்தை எழுதியது நான். செவ்வாய்க்கிழமை நீ பல்லடம் ரூமிலிருந்து வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்று அதை வாங்கிப் படித்தாய். “சரிங்கப்பா” என்றாய். வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டாய். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பையன் அடங்கிவிட்டான், மானம் தப்பித்தது என்று நினைத்தேன். அந்தச் சந்தோஷத்தை இப்போது நினைக்கவே அசிங்கமாக இருக்கிறது. அதைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். நேரில் சொல்ல எனக்கு முகம் இல்லை.

நீ பத்தாவது படித்தபோது நடந்தது நினைவிருக்கிறதா? திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து உன் அம்மாவைக் கூட்டிக்கொண்டு இந்த ஊருக்கு வந்து, செக்கிங் டேபிளில் நின்று, பனியனில் ஓட்டை தேடித் தேடியே கண் கெட்டுப்போனவன் நான். அப்படிப்பட்டவனுக்கு முதலாளி ஒரு நாற்காலி கொடுத்தார். கையெழுத்து நன்றாக இருக்கிறது, இங்கிலீஷ் கொஞ்சம் எழுத்துக்கூட்டத் தெரிகிறது, சபைக்குப் போகிறவன், குடிக்காதவன், இது போதும் என்று கம்ப்ளையன்ஸ் ஆபீசர் ஆக்கிவிட்டார். பனியன் வாங்குகிற வெளிநாட்டுக்காரர்கள், தொழிலாளிகளை ஒழுங்காக நடத்துகிறார்களா என்று பார்க்க ஆள் அனுப்புவார்கள் அல்லவா, அந்த ஆடிட்டுக்குக் கம்பெனியைத் தயார் பண்ணுகிற வேலை. வேலை கிடைத்ததே தவிர அதன் பெயருக்கு எனக்கு அர்த்தம் தெரியாது. டெய்லர்கள் பாதிப் பேர் என்னைக் ‘கம்ப்ளைண்ட் சார்’ என்றுதான் கூப்பிட்டார்கள். வீட்டுக்கு வந்து உன்னிடம் கேட்டேன். நீ பள்ளிக்கூட டிக்‌ஷனரியைப் புரட்டிவிட்டு, “கீழ்ப்படிதல்னு போட்டிருக்குதுங்கப்பா” என்றாய். எனக்குப் புல்லரித்துவிட்டது. அடுத்த ஞாயிறே சபையில் எழுந்து நின்று சாட்சி சொன்னேன். “கீழ்ப்படிகிறவனைத் தேவன் உயர்த்துவார் என்பதற்கு நானே சாட்சி. எனக்குக் கீழ்ப்படிதலையே உத்தியோகமாகக் கொடுத்திருக்கிறார்” என்றேன். ஆமென் ஆமென் என்று ஆண்கள் பக்கமும் பெண்கள் பக்கமும் முழங்கினார்கள். அன்றைக்கு உன் அம்மா ஆட்டுக்கறிக் குழம்பு வைத்தாள்.

அந்த உத்தியோகத்தின் லட்சணத்தை இன்றைக்குச் சொல்கிறேன், கேள். அருள்புரம் கம்பெனியில் என் நாற்காலிக்குப் பின்னால் ஒரு இரும்பு பீரோ இருந்ததே, அதற்கு ‘ஆடிட் பீரோ’ என்று பெயர். துணியை அடுக்கி வைத்து மின்சாரக் கத்தியால் வெட்டுகிறவர்கள் போட வேண்டிய இரும்புக் கண்ணிக் கையுறைகள் அதற்குள் இருந்தன. பஞ்சு மூக்கில் போகாமல் கட்டுகிற மாஸ்க், முதலுதவிப் பெட்டிக்கான மருந்து, கழிப்பறையில் வைக்கிற சோப்பு, துண்டு எல்லாம் அதற்குள்தான். ஆடிட்டுக்கு முதல் நாள் பூட்டைத் திறந்து எல்லாவற்றையும் வெளியே எடுப்பேன். ஆடிட் முடிந்த மறுநாள் ஒன்று விடாமல் திரும்ப வாங்கிப் பூட்டிவிடுவேன். கையுறை போட்டால் கை வேகம் குறைகிறது, தொலைந்தால் புதிது வாங்க வேண்டியிருக்கிறது, இதுதான் காரணம். ஒரு சோப்பைக்கூடப் பூட்டி வைக்கிறவன் மனுஷனா? சாவி என் இடுப்பில் தொங்கியது. ஞாயிற்றுக்கிழமை சபைக்குப் போகும்போதும் தொங்கியது.

முதலாளி கெட்ட வார்த்தை பேசுகிறவர் அல்ல, உனக்கே தெரியும். அவர் சொன்னது இவ்வளவுதான்: “அண்ணாச்சி, நீங்க சபைக்குப் போற ஆளுங்க. உங்களப் பொய் சொல்லச் சொல்ல மாட்டனுங்க. எதச் சொல்லோணுமோ அத மட்டும் அவுங்களச் சொல்ல வெச்சாப் போதுமுங்க.” எவ்வளவு மரியாதை! நானும் கேன்டீனில் எல்லாரையும் உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்தேன். கையுறை தினமும் தருகிறார்களா? தருகிறார்கள். கழிப்பறைக்குப் போகத் தடை உண்டா? இல்லை. யாராவது திட்டுகிறார்களா? இல்லை. ஓய்வுநாள் பள்ளியில் சின்னப் பிள்ளைகளுக்கு வினா விடை சொல்லிக்கொடுக்கிற அதே ராகம். தடுமாறிய பெண்களைச் சிரித்த முகத்தோடு மறுபடியும் சொல்ல வைத்தேன். ஞாயிற்றுக்கிழமை ஆண்டவரைப் பற்றிச் சொல்லிக்கொடுத்த வாய், திங்கட்கிழமை பொய்யைச் சொல்லிக்கொடுத்தது. நாக்கு ஒட்டிக்கொள்ளவில்லை. பன்னிரண்டு வருடம்.

உன்னையும் அப்படித்தான் வளர்த்தேன். ஆறாவதோ ஏழாவதோ படித்துக்கொண்டிருந்தாய். குடும்ப ஜெபத்தில், ஆபிரகாம் தன் மகன் ஈசாக்கைப் பலியிட மலைக்குக் கூட்டிக்கொண்டு போன கதையைச் சொல்லி, கீழ்ப்படிதல் என்றால் இதுதான் என்று முடித்தேன். நீ தலையைத் தூக்கி, “ஈசாக்குகிட்ட யாராச்சும் கேட்டாங்களாப்பா?” என்றாய். எனக்குக் கோபம் சுருக்கென்று ஏறிவிட்டது. “எலே, கேள்வியா கேக்க? கேள்வி கேக்குதவன் எப்படிலே கீழ்ப்படிவான்?” என்று முதுகில் ஒன்று வைத்தேன். நான் எழுந்திருக்கச் சொல்கிறவரை முழங்காலில் நிற்க வைத்தேன். நீ நின்றபடியே தூங்கி விழுந்தாய். உன் அம்மா ஒன்றும் பேசாமல் தூக்கிக்கொண்டு போய்ப் படுக்க வைத்தாள். வெட்கங்கெட்ட நான், பிள்ளையை எப்படிப் பயத்தோடு வளர்க்கிறேன் என்று அதையும் சபையில் சாட்சியாகச் சொன்னேன். கேள்வி நல்ல கேள்விதான். பதில் தெரியாதவன்தான் கையை ஓங்குவான் என்று எனக்கு அப்போது தெரியாது. தெரிந்திருந்தாலும் ஓங்கியிருப்பேன்.

பிகாஷைப் பற்றி எழுதாமல் தப்பிக்கலாமா என்று பார்த்தேன். முடியாது. ஒடிசாவிலிருந்து வந்து கட்டிங்கில் வேலை பார்த்தவன், உன் வயசுக்காரன், நீ எங்கள் கம்பெனியிலேயே க்யூசியில், தரம் பார்க்கிற வேலையில் சேர்ந்த பிறகு உனக்கு இந்தி கற்றுக்கொடுத்தவனும் அவன்தான். போன வருடம் கிறிஸ்துமஸ் ஷிப்மென்ட் அவசரத்தில் அவனுடைய இடது ஆள்காட்டி விரலின் நுனியைக் கத்தி கொண்டுபோய்விட்டது. கையுறை பீரோவுக்குள் இருந்தது. கட்டிங் வேஸ்ட் துணியைக் கையில் சுற்றி, நீதான் உன் வண்டியில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாய். பின்னாலேயே நான் வந்தேன். அவன் தலையில் கை வைத்து ஜெபம் பண்ணினேன். நல்ல ஜெபம்தான், கண்ணீர்கூட வந்தது. ஆமென் சொல்லிக் கண்ணைத் திறந்து, அதே மூச்சில், “டாக்டர் கேட்டா ரூம்ல வெங்காயம் நறுக்கும்போது பட்டுச்சுன்னு சொல்லு” என்றேன். அவன் தலையாட்டினான். நீ சட்டையெல்லாம் ரத்தமாக நின்றுகொண்டு என்னைப் பார்த்தாய். அந்தப் பார்வை எனக்குப் புரிந்தது. புரிந்ததால்தான், “போய்ச் சட்டையை மாத்துலே” என்று எரிந்து விழுந்தேன். கம்பெனி விபத்துப் பதிவேட்டில் அந்த மாதத்துக்கு ‘ஏதுமில்லை’ என்று முத்து முத்தான கையெழுத்தில் எழுதினேன்.

இரண்டு மாதத்துக்கு முன்னால் ஆடிட் வந்தது. சென்னையிலிருந்து வந்த ஆடிட்டர் அம்மாவுக்கு இந்தி வராது. வடநாட்டுத் தொழிலாளிகளிடம் பேச, மொழிபெயர்க்க ஒரு ஆள் வேண்டும் என்றார். நான் உன்னை நிறுத்தினேன். என் மகன் என்று சொல்லவில்லை. “க்யூசியில இருக்கிற பையன் மேடம், இந்தி நல்லாப் பேசுவான்” என்றேன். காலையிலேயே உன்னைத் தனியாகக் கூப்பிட்டு, “அவனுவ எது சொன்னாலும் நான் சொல்லிக்குடுத்ததத்தான் நீ சொல்லணும், வெளங்குதா?” என்று கேட்டிருந்தேன். நீ சரி என்று சொல்லவே இல்லை. சும்மா இருந்தாய். சும்மா இருந்தால் சரி என்றுதானே அர்த்தம் என்று நான் எடுத்துக்கொண்டேன், முப்பது வருடமாக உன் அம்மாவிடம் எடுத்துக்கொண்டது போல. கண்ணாடித் தடுப்புக்கு வெளியே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த அம்மா பிகாஷின் விரலைக் காட்டி ஏதோ கேட்டார். அவன் நிறைய நேரம் பேசினான். ஒரு தடவை கையை நீட்டி என் ரூம் பக்கம் காட்டினான். நீ குனிந்து கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, நிமிர்ந்து அந்த அம்மாவிடம் நிதானமாகச் சொன்னாய். என் பிள்ளை வெங்காயத்தைச் சொல்கிறான் என்று நிம்மதியாக டீ குடிக்கப் போனேன். சாயங்காலம் எல்லாரும் உட்கார்ந்திருக்க அந்த அம்மா வாசித்தார்: கையுறைகளைப் பூட்டி வைத்திருக்கிறார்கள், விபத்தை மறைத்திருக்கிறார்கள், என்ன சொல்ல வேண்டும் என்று தொழிலாளிகளுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். முதலாளி அந்த அம்மாவைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்.

படியில் உன்னை மறித்தேன். “என்னலே சொன்ன?” “அவன் சொன்னதத்தானுங்கப்பா சொன்னேன்.” டீ டம்ளரும் கையுமாக அத்தனை பேர் நிற்க உன் கன்னத்தில் அறைந்தேன். இருபத்தேழு வயசுப் பிள்ளையை! நீ கன்னத்தைத் தடவக்கூட இல்லை. “நீங்க சொல்லிக்குடுத்தத அவன் சொல்லலீங்கப்பா. சொல்லாதத நான் எப்படீங்கப்பா சொல்றது?” என்று கேட்டுவிட்டுப் போனாய். அன்றைக்கே துணிமணியை எடுத்துக்கொண்டு பல்லடத்துக்குப் போய்விட்டாய்.

அதற்குப் பிறகு நடந்தது ஊருக்கே தெரியும். ஆர்டரை நிறுத்தி வைத்தார்கள். வாரத்தில் மூன்று நாள்தான் வேலை என்று ஆனது. நம் சபையில் ஒரு வீடு விட்டு ஒரு வீடு அந்தக் கம்பெனியில்தான் சாப்பிடுகிறது. உன் அம்மாவைப் பார்த்துத் தோத்திரம் சொல்கிறவர்கள் பஸ்ஸில் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அவர்கள் பசியை நான் லேசாகப் பேச மாட்டேன். ஆனால் அந்தப் பசிக்குக் காரணம் யார்? கையுறை கையில் இருந்திருந்தால் விரலும் போயிருக்காது, ஆர்டரும் போயிருக்காது. சாவி என் இடுப்பில் அல்லவா இருந்தது? அதைச் சொல்ல வாய் வரவில்லை. “என் பிள்ளை எனக்குக் கீழ்ப்படியவில்லை” என்று சொல்ல மட்டும் வந்தது. அதைக் குருவானவரிடம் போய்ச் சொன்னேன். “தகப்பனுக்குக் கீழ்ப்படியாதவன் தேவனுக்கு எப்படிக் கீழ்ப்படிவான்? கீழ்ப்படிதல் இல்லாத இடத்தில் ரட்சிப்பு ஏது?” என்றார். அவர் கெட்டவர் அல்ல. நான் பாதியைச் சொன்னேன், அவர் பாதிக்குத் தீர்ப்புச் சொன்னார். உடுமலைப்பேட்டையிலிருந்து பெண்ணின் அப்பா போன் போட்டார். “ஏனுங்க சம்பந்தி, பெத்தவங்க பேச்சக் கேக்காத பையனுக்கு எப்படீங்க நம்பிப் பொண்ணக் குடுக்கறது?” பதறிப்போனேன். சபை முன்னால் மன்னிப்புக் கேட்க வைக்கிறேன் என்று நானாகத்தான் வாக்குக் கொடுத்தேன். உன்னை அடகு வைத்து என் பெயரைக் காப்பாற்றிக்கொண்டேன்.

இடையில் முதலாளி இன்னொன்று சொன்னார். “அந்த ஒடிசாப் பையன ஊருக்கு அனுப்பிப்போடுங்க அண்ணாச்சி.” அன்றைக்கு மத்தியானமே அனுப்பிவிட்டேன். கீழ்ப்படிதலில் என்ன சுறுசுறுப்பு பார்! கேட்டருகே பையோடு நின்றவன் என்னைத் திட்டுவான் என்று நினைத்தேன். அவனுடைய தமிழ் உனக்குத் தெரியுமே. சிரித்துக்கொண்டு, “சார், உங்க பையன் பொய் பேசாது. நீங்க சொல்லிக் குடுத்துச்சா?” என்று கேட்டான். அவன் கிண்டல் பண்ணவில்லை, மகனே. உண்மையாகவே கேட்டான். நல்ல பிள்ளை என்றால் நல்ல அப்பன் சொல்லிக்கொடுத்திருப்பான் என்று அவன் ஊரிலும் நினைப்பார்கள் போலிருக்கிறது. நான் என்ன சொன்னேன் தெரியுமா? “ஆமா” என்றேன். ஆமா என்று சொல்லி, பெரிய மனுஷன் மாதிரி அவன் தோளைத் தட்டினேன். சீ! உள்ளே போய்க் கையைக் கழுவினேன். வாயை என்ன செய்வது என்று தெரியவில்லை.

இத்தனைக்குப் பிறகும் நான் திருந்தவில்லை, அதையும் எழுதிவிடுகிறேன். உட்கார்ந்து உனக்கு மன்னிப்புக் காகிதம் எழுதினேன். கேன்டீனில் எல்லாருக்கும் பதில் எழுதிக்கொடுத்த கை, கடைசியில் உனக்கும் எழுதிக்கொடுத்தது. அதன் நகல் மேஜையில் கிடந்ததை நேற்று உன் அம்மா எடுத்துப் படித்தாள். இரண்டு தடவை படித்தாள். “இதுல அவன் பொய் சொன்னாம்னு ஒரு வார்த்த இல்லயே. மெய் சொன்னதுக்கா பிள்ள முட்டங்காலு போடணும்?” என்றாள். தகப்பன் பேச்சைக் கேட்கவில்லையே என்று ஆரம்பித்தேன். அவள் விடவில்லை. “ஆண்டவருக்குப் பயப்படுத ஆளுன்னு நெனச்சுத்தான் ஒங்களக் கெட்டிக்கிட்டு இம்புட்டுத் தூரம் வந்தேன். நீங்க மொதலாளிக்குல்லா பயப்படுதீய.” இத்தனை வருடத்தில் அவள் என்னை எதிர்த்துச் சொன்ன முதல் வார்த்தை அது. எனக்கு வழக்கம்போல் சுருக்கென்று ஏறியது. ஏறி, அப்படியே இறங்கிவிட்டது. அவள் சோறு போட்டாள், நான் சாப்பிடவில்லை.

ரட்சிப்பைப் பற்றி நான் உனக்கு ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறேன். ஊரில் மே மாத நற்செய்திக் கூட்டத்தில், இரண்டாம் நாள் சாயங்காலம், மணலில் விழுந்து அழுது ஆண்டவரை ஏற்றுக்கொண்டேன் என்று. அந்த அழுகை பொய் அல்ல, இன்றைக்கும் நம்புகிறேன். ஆனால் அதற்குப் பிறகு நான் என்ன செய்தேன்? நம் கம்பெனி ரிசப்ஷனில் சர்டிபிகேட்டைக் கண்ணாடி போட்டு மாட்டியிருக்கிறார்களே, அப்படி மாட்டி வைத்துவிட்டேன். ரட்சிப்பை மறுபடி பிறப்பது என்கிறோம். பிள்ளை பிறந்தது என்று சர்க்கரை கொடுக்கிறோம். முப்பது வருடம் கழித்தும் அது தொட்டிலிலேயே கிடந்து பால் குடித்தால் யாராவது சர்க்கரை கொடுப்பார்களா? வாயில் துணியை வைத்துக்கொண்டு அழுவார்கள். நான் சபையில் டீக்கன் பதவிக்கு வந்ததை வளர்ச்சி என்று நினைத்தேன். முன் பெஞ்சை வளர்ச்சி என்று நினைத்தேன். அரை மணி நேரம் மூச்சு விடாமல் ஜெபம் பண்ணுவதை வளர்ச்சி என்று நினைத்தேன். கண்ணாடிக்கு வெளியே அப்பன் பார்த்துக்கொண்டு நிற்கும்போது உள்ளே இருப்பதை உள்ளபடி சொன்னாயே, அதுதான் வளர்ச்சி. நீ வளர்ந்துவிட்டாய். எப்போது வளர்ந்தாய் என்று எனக்குத் தெரியவில்லை. நான் சொல்லிக்கொடுத்து வளரவில்லை என்று மட்டும் தெரிகிறது.

கீழ்ப்படிதல் வேண்டாம் என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ளாதே. அது இல்லாத விசுவாசம் வெறும் வாய்ச்சவடால், என்னையே பார்த்துக்கொள். ஆனால் யாருக்கு என்று ஒரு கேள்வி இருக்கிறதே, அதை நான் உன்னைக் கேட்கவிடவில்லை, நானும் கேட்கவில்லை. சத்தம் போட்டுச் சொல்கிறவர்களுக்கெல்லாம் தலையாட்டுவதைக் கீழ்ப்படிதல் என்று நினைத்துவிட்டேன். சாயப்பட்டறைத் தொட்டியின் அடியில் சேறும்தான் படிகிறது, அதற்குப் பெயர் கீழ்ப்படிதலா? ஆண்டவர் மரணம் வரைக்கும் கீழ்ப்படிந்தார் என்று பிரசங்கத்தில் கேட்டிருக்கிறோம். ஆலயத்துப் பெரியவர்கள் பேச்சுக்கும் ரோம அதிபதி பேச்சுக்கும் அவர் தலையாட்டியிருந்தால் சிலுவையே வந்திருக்காதே! இது இந்த வயசில்தான் என் மண்டையில் ஏறுகிறது. ஒரு தகப்பனுக்கு இரண்டு பிள்ளைகள் இருந்தார்கள், தோட்டத்துக்குப் போய் வேலை செய்யுங்கள் என்றபோது ஒருவன் மாட்டேன் என்று சொல்லிவிட்டுப் பிறகு போனான், ஒருவன் இதோ போகிறேன் ஐயா என்று சொல்லிவிட்டுப் போகவே இல்லை என்று அவர் சொன்ன கதையை ஓய்வுநாள் பள்ளியில் வருடா வருடம் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். இந்த இரண்டு பேரில் நல்லவன் யார் என்று கேட்டால் சின்னப் பிள்ளைகள் டக்கென்று கை தூக்கும். அந்த ‘இதோ போகிறேன் ஐயா’ நான்தான்.

இன்று காலையில் முதலாளியைப் பார்த்து, இனிமேல் யாருக்கும் பதில் சொல்லிக்கொடுக்க மாட்டேன் என்றேன். அவர் கோபப்படவில்லை. “அவசரமில்லீங்க அண்ணாச்சி, யோசன பண்ணிச் சொல்லுங்க” என்று சிரித்தார். அந்தச் சிரிப்புக்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். வரும் மாதம் அந்த நாற்காலியில் வேறு யாராவது உட்கார்ந்திருப்பார்கள். மத்தியானம் குருவானவரிடம் மீதிப் பாதியையும் சொன்னேன். “இதையெல்லாம் சபையில் பேச வேண்டாமே ஐயா, கூட்டம் குழம்பிப்போகும்” என்றார். மூன்றாவது ஓலையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. உடுமலைப்பேட்டைக்கும் போன் பண்ணி முழுவதும் சொல்லிவிட்டேன். “பொண்ணக் கேட்டுச் சொல்றனுங்க” என்று வைத்தவர் இன்னும் கூப்பிடவில்லை. கல்யாணம் தள்ளிப்போகலாம். நின்றும் போகலாம். உன் தலையில் ஏற்கெனவே நான் ஏற்றியது போதாது என்று இதையும் ஏற்றியிருக்கிறேன். நீ கோபப்பட்டால் கோபப்பட்டுவிட்டுப் போ, எனக்கு அது வேண்டியதுதான்.

உன்னிடம் ஒரு உதவி கேட்கிறேன். பிகாஷ் நம்பருக்குப் போன் பண்ணினேன். எடுத்தான். எனக்கும் அவனுக்கும் நடுவில் இருக்கிற தமிழ், கையுறை போடு, கையுறை கழற்று என்கிற அளவுதான். மன்னிப்பு என்ற சொல்லுக்கு நாங்கள் இரண்டு பேரும் போய்ச் சேரவில்லை. “சார், சாப்பிட்டாச்சா?” என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டான். நீ பக்கத்தில் இருந்து மொழிபெயர்க்க வேண்டும். வெங்காயத்தையும், கேட்டருகே நான் சொன்ன ஆமாவையும் சேர்த்துச் சொல்லப்போகிறேன். எனக்காக ஒரு வார்த்தையைக்கூடக் குறைத்துவிடாதே. நீ குறைக்க மாட்டாய் என்று தெரிந்துதான் உன்னைக் கேட்கிறேன்.

இந்தக் கடிதத்தை நான் ஒட்டப்போவதில்லை. உன் அம்மா கையில் திறந்தபடியே கொடுத்தனுப்புகிறேன், வழியில் யார் வேண்டுமானாலும் படிக்கட்டும். இதன் நகல் ஒன்று என் சட்டைப் பையில் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை உன் பெயரைக் கூப்பிடும்போது முன்னால் போகப்போகிறவன் நான். வாசிக்க விட்டால் வாசிப்பேன், விடாவிட்டால் வாயால் சொல்வேன். நீ உன் இடத்தில் உட்கார்ந்திரு. எழுந்திருக்காதே, முழங்கால் போடாதே, அந்தக் காகிதத்தைக் கிழித்துப் போடு. தகப்பன் என்ற அதிகாரத்தில் நான் உனக்கு இடுகிற கடைசிக் கட்டளை இது. இதற்கும் நீ கீழ்ப்படிய வேண்டியதில்லை.

அப்பா